சின்னக்கையும் நானும்

ஆச்சி,

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உங்கள் வீதியில் ஒரு குட்டியானை வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். நாலைந்து ஆட்கள் சேர்ந்து உங்கள் பியானோவை முகப்புப் படியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய ஜமுக்காளங்களைச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் துணி விலகிக் கறுப்பு வார்னிஷ் தெரிந்தது. பக்கத்தில் போனதும் அந்த வாசனை வந்தது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் வருமே, அந்துருண்டையும் பழைய கம்பளியும் கலந்த வாசனை, அதுதான்.

“யாத்தீ, இதென்ன பொட்டியா, கோயில் தேரா? இம்புட்டுக் கனம் கனக்குது” என்றார் முன்பக்கம் தூக்கியவர். வண்டித் தட்டில் அது தொம்மென்று இறங்கியபோது உள்ளே அத்தனை கம்பிகளும் ஒன்றாக முனகின.

உங்கள் மகன் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “தொண்டிப் பக்கம் கடற்கரையில ஒரு ரிசார்ட்டுல கேட்டாக டீச்சர். இங்க கெடந்தா கரையான்தான் தின்னும். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கே குடுத்திருப்பேன்.”

நான் கேட்கவில்லை. அதை என் வீட்டில் வைக்க வேண்டுமென்றால் கட்டிலையும் பீரோவையும் தெருவில்தான் போட வேண்டும். உப்புக் காற்றில் அந்தக் கம்பிகள் என்ன ஆகுமோ என்ற கவலை எனக்கு வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்த நினைப்பு வேறு. அங்கே யாரோ ஒருவர், உங்களைப் பார்த்தே இராத ஒருவர், அந்தக் கட்டைகளில் விரல் வைக்கப்போகிறார். அந்த முகம் தெரியாத ஆளின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. உங்கள் விஷயத்தில் எனக்கு எப்போதும் முதலில் வருவது அதுதானே, ஆச்சி. நீங்கள் இருந்தபோது சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

உங்களை முதன்முதலில் பார்த்தது எங்கள் பங்குக் கோயிலில், ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சியில். பங்குச் சாமியார் ஊரிலிருந்த பெரிய வீடுகளுக்கெல்லாம் அழைப்புக் கொடுத்திருந்தார். நீங்கள் முன்வரிசையில் நீலக் கண்டாங்கிச் சேலையில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தப் பங்கில் கீபோர்டு என்றால் கணக்கு டீச்சர் நான்தான். பாடகர் குழு மாறும், சாமியார் மாறுவார், கீபோர்டில் நான் மாறியதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ஆளுக்கு ஆள் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நீங்கள் கூட்டம் கலையும்வரை காத்திருந்து வந்தீர்கள்.

“டீச்சர், வலது கை அழகாப் பேசுது” என்றீர்கள். நன்றி சொல்ல வாயெடுத்தேன். “இடது கையத்தான் மிஷினுக்கு வாடகைக்கு விட்டுட்டீக.”

எனக்கு முகம் சுட்டது. அந்தக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டால் இடது கையால் ஒரு கட்டையைத் தொட்டாலே போதும், டிரம்மும் கிட்டாரும் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறோம். அதை ஒருவர் கேட்டே கண்டுபிடிப்பார் என்று நான் நினைத்ததில்லை.

“கோவிச்சுக்கிராதீக. சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. ஒருத்தனை உங்களுக்குக் கேக்க வைக்கணும்.”

வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் வீட்டைப் பற்றி நான் உங்களுக்கே எழுதுவது வேடிக்கை. ஆனாலும் அன்றைக்கு அந்த வாசலில் நின்றவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டின் பாதியை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவதற்கு விட்டிருந்தீர்கள். மீதிப் பாதியில் முகப்பை ஒட்டிய அறையில் பியானோ இருந்தது. ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டுகள். பினாங்கில் நீங்கள் வளர்ந்த கதையைக் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்தீர்கள். அப்பாவை அப்பச்சி என்பீர்கள்; அப்பச்சிக்கு ஜாஸ் பைத்தியம். சாயங்காலமானால் கடற்கரை ஹோட்டலில் பியானோ கேட்க உங்களையும் கூட்டிப் போவார். ஒரு சீனத்து அம்மாள் உங்களுக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். கலியாணத்துக்கு மற்ற சீர்ச் சாமான்களோடு பியானோவும் கப்பலில் வந்தது. பரப்பி வைத்த பாத்திரங்களுக்கு நடுவே இந்தக் கறுப்புப் பெட்டி நின்றதைப் பார்த்து, இதில் எத்தனை படி அரிசி கொள்ளும் என்று உங்கள் மாமியார் கேட்டாராம். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மனசுக்குள் என் கீபோர்டின் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு தட்டைப் போட்டீர்கள். டிரம்பெட் ஒன்று எழுந்து அறையை நிறைத்தது. நான் தலையாட்டினேன்.

“அதைக் கேக்காதீக” என்றீர்கள். “அதை உலகமே கேக்குது. அங்குட்டு, அதுக்குப் பின்னாடி ஒருத்தன் பியானோ வாசிக்கிறான் பாருங்க. அவனைக் கேளுங்க.”

எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் விரலைக் காற்றில் உயர்த்தி, அவன் வரும் இடங்களில் மட்டும் அசைத்துக் காட்டினீர்கள். ஒரு தொடல். பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு தொடல்.

“இந்தச் சங்கீதத்துல பாட்டை ஒரு தரம் சொல்லிருவாக. அப்புறம் ஆளாளுக்கு அப்பப்பத் தோணுறதை வாசிப்பாக. நம்ம நாதசுரத்துல ராகம் போட்டு வாசிக்கிற மாதிரின்னு வச்சுக்கிருங்க. முன்னாடி நிக்கிறவன் எங்க போவான்னு அவனுக்கே தெரியாது. பின்னாடி இருக்கவன் அதுக்குள்ள அங்க போயி விளக்கைப் போட்டு வச்சிருக்கணும். ஆனா கைதட்டு பூராவும் முன்னாடி நிக்கிறவனுக்கு.”

தட்டின் அட்டையைத் திருப்பிக் காட்டினீர்கள். டிரம்பெட்காரரின் பெயர் முன்பக்கம் முழுக்க. பியானோக்காரரின் பெயர் பின்பக்கம் கடைசி வரியில், எறும்பு எழுத்தில். அந்தப் பெயர்கள் என் நாக்குக்குப் பிடிபடவில்லை என்பதால் அவர்களுக்கெல்லாம் நீங்கள் பெயர் வைத்திருந்தீர்கள். சின்னக்கை என்றால், விரல்கள் குட்டையாக இருந்ததால் எல்லாரும் எட்டும் கட்டைகள் எட்டாமல், தனக்கென்று வேறொரு வழி கண்டுபிடித்துக்கொண்டவர். நிதானம் என்றால், பெரிய பெரிய ஆட்களோடெல்லாம் வாசித்தும் தன் பெயரில் ஒரு தட்டுக்கூடப் போடாதவர். பள்ளிக்கூடத்தம்மா என்று ஒருவர், கொஞ்ச காலம் மேடையில் வாசித்துவிட்டுப் பிழைப்புக்கு வாத்தியார் வேலைக்குப் போனவர்.

“இவுகளுக்கெல்லாம் யாரு மாலை போட்டா? நான் ஒருத்தி இங்க காரைக்குடியில உக்காந்து போடுறேன்” என்பீர்கள்.

சனிக்கிழமைகள் அப்படியே வருஷங்களாயின. மத்தியானச் சாப்பாடு முடிந்து, சாக்கோட்டையில் இருந்த என் மாமியாரைப் போய்ப் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். தட்டைக் கேட்போம். பிறகு நீங்கள் வாசிப்பீர்கள், அல்லது நான். இடது கையை வாடகையிலிருந்து மீட்டுக்கொண்டேன். அதற்கே ஒரு வருஷம் ஆனது. நீங்கள் “ம்” என்றீர்கள்.

அந்த “ம்” தான் என் பிரச்சினை, ஆச்சி. சின்னக்கைக்கு நீங்கள் பக்கம் பக்கமாகப் பேசுவீர்கள். “இன்னைக்கு என்ன சேட்டை பண்ணிருக்கான் பாருங்க” என்று பேரனைக் கொஞ்சுவதுபோல் கொஞ்சுவீர்கள். நிதானத்துக்குக் கண் கலங்குவீர்கள். பள்ளிக்கூடத்தம்மாவைப் பற்றிச் சொல்லும்போது “ஒரு டீச்சருக்குள்ள இம்புட்டு இருந்திருக்கு பாருங்களேன்” என்று என்னிடமே சொன்னீர்கள். நானும் ஒரு டீச்சர் அங்கே உட்கார்ந்திருந்தேன். உலகம் மறந்தவர்களையெல்லாம் தேடித்தேடி மாலை போட்ட நீங்கள், பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு ஒரு பூவைக்கூடக் கிள்ளிப் போடவில்லை.

ஒருவன் மேல் பொறாமைப்பட அவன் அடுத்த வீட்டில் இருக்க வேண்டும், நம் ஜாதியாக, நம் வேலையாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். செத்துப் பல வருஷமான, கடல் கடந்த தேசத்து ஆண்பிள்ளை ஒருவர் மேல், குட்டை விரல்கள் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருவர் மேல், வயிறு எரியும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அதனால்தான் சின்னக்கையின் அந்த வாசிப்பைப் பாடம் பண்ணினேன். டிரம்பெட் நின்றதும் அவர் தனியாக வருவாரே, அந்த இடம். செல்போனில் பதிந்துகொண்டு போய், வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்து, விடிகாலையில் எழுந்து, வாக்கியம் வாக்கியமாகப் பிடித்தேன். “ஒரே இடத்தையே எம்புட்டுத் தடவை சுத்துவ? தலை கிறுகிறுங்குது” என்று என் வீட்டுக்காரர் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டார். மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை. முடித்ததும் ஒரு சனிக்கிழமை உங்களிடம் சொல்லாமல் பியானோவில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை. எனக்குத் தெரியும், நான் கணக்கு டீச்சர்.

நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். முடிந்ததும் திறந்தீர்கள்.

“அவன் அந்த மூணாவது வரியில கொஞ்சம் நின்னான், டீச்சர்.”

“நானும் நின்னேனே ஆச்சி.”

“நின்னீக. அவன் எங்க போறதுன்னு தெரியாம நின்னான். நீங்க தெரிஞ்சுக்கிட்டு நிக்கிறீக.”

அன்றைக்குக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, உங்களுக்குப் பதில் சொல்லத் தோன்றிய வாக்கியங்களையெல்லாம் பாத்திரத்தோடு சேர்த்துத் தேய்த்தேன். பினாங்கில் வளர்ந்திருந்தால் நானும் தெரியாமல் நின்றிருப்பேன், அப்பச்சி கூட்டிப் போயிருந்தால் நானும் நின்றிருப்பேன் என்றெல்லாம். தை மாதம் வரை உங்கள் வீதிப் பக்கமே வரவில்லை. பிறகு உங்கள் டிரைவர் ஒரு தூக்குவாளியில் கந்தரப்பத்தோடு வந்து நின்றார். “ஆச்சி புதுசா ஒரு தட்டு வரவழைச்சிருக்காகளாம். தனியாக் கேக்கப் பிடிக்கலையாம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாக.” மன்னிப்பு என்ற வார்த்தையே அதில் இல்லை. நான் தட்டுக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அதற்கடுத்த வருஷம் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தபோது பேச்சுத் தெளிந்திருந்தது, கால் ஓரளவு ஒத்துழைத்தது, இடது கை மட்டும் மடியில் கிடந்தது, உங்களுடையது இல்லை என்பதுபோல. அன்றைக்கே பார்க்க வந்தேன். நீங்கள் சக்கர நாற்காலியைப் பியானோவுக்கு அருகே தள்ளச் சொன்னீர்கள். வலது பக்கமாக ஒதுங்கிக்கொண்டு, இடது பக்கம் காலியாக இருந்த ஸ்டூலைக் காட்டினீர்கள்.

“இங்குட்டு வந்து உக்காருங்க. எனக்கு ஒரு இடது கை வேணும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. உங்கள் வலது கை பாட்டை எடுத்துப் போகும். நான் என் இடது கையால் கீழே பிடித்துக்கொள்வேன். இவ்வளவு காலம் மற்றவர்கள் செய்ததை விரலை ஆட்டிக் காட்டினீர்களே, அந்த வேலை இப்போது என்னுடையது. நீங்கள் எங்கே திரும்புவீர்கள் என்று ஒருபோதும் தெரிந்ததில்லை. முந்தின வாரம் போன வழியில் போகவே மாட்டீர்கள். ஆரம்பத்தில் நான் பிந்திப் பிந்தி வந்தேன். பிறகு உங்கள் மூச்சைக் கேட்கப் பழகினேன். திரும்புவதற்குச் சற்று முன் மூச்சை இழுப்பீர்கள். அது போதும் எனக்கு.

அந்த நாட்களில்தான் உங்கள் வீட்டுக்காரருக்கு அறுபது நிறைந்து சாந்திக் கலியாணம் வைத்தீர்கள். முற்றத்தைச் சுற்றிய வளவு நிறையச் சொந்தக்காரர்கள். உங்கள் பங்காளிகளின் இளையாத்தங்குடிக் கோயில் பிரசாதம் வந்து, விருந்து முடிந்து, எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் நாத்தனார் வந்து, “ஒரு பாட்டு வாசிக்கக்கூடாதா?” என்று கேட்டார். எத்தனையோ வருஷம் அவர்கள் முன்னால் வாசிக்காத நீங்கள் அன்றைக்குச் சரி என்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் வந்து இடது பக்கம் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நீங்கள் வாசித்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் வாசித்ததில்லை. நடுவில் ஓரிடத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றீர்கள். நிஜமாகவே தெரியாமல். மூச்சும் வரவில்லை. என் கை தானாக இரண்டு கட்டைகளைத் தொட்டது. யோசித்துத் தொடவில்லை. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ ஏறிப் போனீர்கள். நான் பின்னாலேயே வந்தேன்.

கைதட்டல் வளவை அதிர வைத்தது. “ஒத்தைக் கையில இம்புட்டா!” என்றார் ஒருவர். “ஒரு கையே இப்பிடின்னா, ரெண்டும் நல்லா இருந்தா என்னத்துக்காகும்!” என்றார் இன்னொருவர். என் பக்கம் வந்த உங்கள் சொந்தக்கார ஆச்சி ஒருவர், “கொஞ்சம் நகருங்கம்மா, படம் எடுக்கணும்” என்றார். நகர்ந்தேன். அடுத்த மாதம் உங்கள் சமூகத்துப் பத்திரிகை ஒன்றில் அந்தப் படம் வந்தது. மாலையும் கழுத்துமாக நீங்கள், பியானோ, கட்டைகளின் மேல் உங்கள் வலது கை. என் முழங்கைகூட இல்லை.

அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வந்தேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாசலிலேயே வாயில் வந்துவிட்டது.

“என் கையக் காணோம் ஆச்சி.”

நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், புரையேறும்வரை சிரித்தீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு, “இப்பத் தெரியுதா, சின்னக்கைக்கு எப்பிடி இருந்திருக்கும்னு?” என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அவருக்குப் பேராவது வச்சிருக்கீக. எல்லாருக்கும் வச்சிருக்கீக. எனக்கு என்ன பேரு?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைபோல் உணர்ந்தேன்.

நீங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டீர்கள்.

“அவுகளையெல்லாம் நான் பாத்ததில்ல, அதுனால பேரு வச்சேன். உங்களுக்கு எதுக்கு? உங்களைத்தான் எனக்குத் தெரியுமே.”

அது பாராட்டா, தட்டிக் கழிப்பா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இன்றைக்கு எழுதும்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. சின்னக்கையின் மேல் இருந்த எரிச்சல் தணிந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஒரு மாதிரி சக ஊழியர் மேல் இருக்கும் எரிச்சலாக அது மாறியது.

போன வருஷம் பங்குனியில் நீங்கள் போனீர்கள். உங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் இடம் இருந்தது, பங்காளிகளுக்கு ஒரு பக்கம், சம்பந்திகளுக்கு ஒரு பக்கம், பினாங்கிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு பக்கம். எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் நான் செருப்பு விடும் இடத்தில் நின்றேன். ஒருவர் உங்கள் சமையலைச் சொல்லி அழுதார். இன்னொருவர் குன்றக்குடி மலைக்கு நீங்கள் ஏறி வந்ததைச் சொல்லி அழுதார். பியானோவைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு சொல் இல்லை. அழ உரிமை உள்ளவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, ஆச்சி. டீச்சர் என்பது ஓர் உறவுமுறை இல்லையே.

இனி எழுதப்போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

போன மாதம் கடைவாய்ப் பல் வலிக்கு நூறடி ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஸ்பீக்கரில் சாக்ஸபோன் ஓடிக்கொண்டிருந்தது, நோயாளிகள் பயப்படாமல் இருக்கப் போடுவார்களே, அந்த மாதிரி. நான் பழக்கத்தில் பின்னால் கேட்டேன். பின்னால் ஒருவர் இருந்தார். ஒரு தொடல், வெகு நேரம் ஒன்றுமில்லை, பிறகு நான் எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்து வீட்டில் போய் ஒரு விளக்கு. எனக்கு வலி மறந்துவிட்டது. நர்ஸ் என் டோக்கனைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் எழவில்லை.

“அம்மா, உங்களைத்தான். உள்ள வாங்க.”

“இந்தப் பாட்டு முடியட்டும்மா. இது யாரு வாசிக்கிறது?”

அவள் செல்போனைப் பார்த்து ஒரு பெயர் சொன்னாள். சாக்ஸபோன்காரர் பெயர். வேறு எந்தப் பெயர் இருக்கப்போகிறது? திருச்சியில் இருக்கும் என் மகளிடம் சொல்லித் தேடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டு, பியானோ வாசித்தவர் பெயரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். அவர் வேறு எதிலும் வாசித்ததாகத் தெரியவில்லையாம். அவள் தேடிய வரையில் அந்த ஒன்றுதான்.

உங்கள் சுவரில் அவர் இல்லை. அந்தத் தட்டுகளையெல்லாம் உங்கள் மகன் சென்னைக்குக் கொண்டு போவதற்கு முன் நானே தூசி தட்டி அடுக்கினேன், எனக்குத் தெரியும். நீங்கள் ஒருநாளும் அவரைப் பற்றிச் சொன்னதில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்த அத்தனை பேரையும் நீங்கள் முதலில் கேட்டிருந்தீர்கள். நான் எப்போதும் இரண்டாவதாகத்தான் வந்தேன். இவரை நான் முதலில் கேட்டேன்.

தினமும் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் அவரைப் போட்டுக் கேட்கிறேன். கீபோர்டில் அவருக்கு இடது கை பிடித்துப் பார்க்கிறேன். அவருடைய பெயர் எனக்கு இப்போது நன்றாக வாயில் வருகிறது. இந்த மடலில் அதை எழுதப்போவதில்லை. வேண்டுமென்றேதான்.

உங்களுக்கு வயிறு எரிய வேண்டும் ஆச்சி. ஒரே ஒரு தடவை, என்னைப் பார்த்து உங்களுக்கு எரிய வேண்டும். அதற்காகவாவது நீங்கள் இருந்திருக்கலாம்.

உங்கள்
டீச்சர்